லினக்ஸ் மின்ட் 22 சின்னமன்: வேலூர் கடை, லாட்ஜ் கவுண்டர்களுக்குச் சரிப்படுமா? விண்டோவும் ஷார்ட்கட்டும் கைக்கு வரும் வழி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் கவுண்டர்களிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், காட்பாடி, சத்துவாச்சாரி, வாலாஜா, குடியாத்தம் பக்கத்து டைப்பிங் சென்டர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டங்கள், மூன்றாம் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம் என்ற அளவில் இருப்பவை, இந்தக் கணக்கில் தேறாது. அதற்காக அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை.

அந்த மெஷின்களுக்கு இன்று துணிந்து சொல்லக்கூடியது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் சின்னமன் என்ற டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. காசு கிடையாது. 2024 ஜூலையில் வந்தது. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. நிறுவுவது பெரிய வேலையே இல்லை. விண்டோஸில் பல வருடம் பழகிய கை தடுமாறுவது நிறுவிய பிறகுதான்: விண்டோக்களை நகர்த்தும்போது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது, பழைய ஷார்ட்கட்டை அழுத்தியதும் வேறு ஏதோ நடக்கும்போது. நல்ல செய்தி, அந்தத் தடுமாற்றம் பத்துப் பன்னிரண்டு கீகளுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் விண்டோஸ் மாதிரி மாற்றிவைக்க முயல்வதுதான் தப்பான வழி. இரண்டை மாற்றுங்கள், மீதிக்கு விரலைப் பழக்குங்கள்.

மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என்று வேறு இரண்டு பதிப்புகளும் உண்டு. 2 ஜிபி ராம் மட்டும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபி இருந்தால் சின்னமனே போதும், ஆனால் பிரவுசரில் டேப் நிறையச் சேர்ந்தால் திணறும். 8 ஜிபி ஆக்கினால் நிம்மதி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது ராம் கூட்டுவதைவிடவும் பெரிய வித்தியாசம் தரும். சின்னமனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. மெனு இடது கீழ் மூலையில், திறந்திருக்கும் விண்டோக்கள் அடிப்பட்டையில், கடிகாரம் வலது கீழே, மூடும் குறி வலது மேலே. கண்ணுக்குப் புதிதாக எதுவும் இல்லாததால் கவனம் முழுவதையும் கைக்குக் கொடுக்கலாம்.

நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். மின்ட்டை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து அதை பென் டிரைவில் எழுதலாம், பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். மெஷினை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்க என்று கேட்கும் பூட் மெனு வரும்; அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஏசர் லேப்டாப்பில் எஃப்12 மெனுவை பயாஸ் என்ற மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில் போய் முதலில் இயக்க வேண்டியிருக்கும். இப்படி ஓடும் மின்ட்டில் மாற்றிய எதுவும் சேமிக்கப்படாது, அதனால் பயமில்லாமல் எல்லாக் கீகளையும் அழுத்திப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, தினம் திறக்கும் அரசு இணையதளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வருகின்றனவா, இந்த மூன்றையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். யூஎஸ்பி வைஃபை குச்சி வேலை செய்யவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் இணையத்தை மெஷினுக்குப் பகிர்ந்து), டிரைவர் மேனேஜரைத் திறந்து பார்ப்பது வழக்கமான தீர்வு.

மாறாத கீகள், மாறிய கீகள்

விண்டோஸ் கொடி போட்ட கீயை மின்ட் சூப்பர் என்கிறது. அதைத் தட்டினால் மெனு திறக்கும், உடனே டைப் செய்தால் தேடும். சூப்பர் + இ ஃபைல் மேனேஜர், சூப்பர் + டி டெஸ்க்டாப், ஆல்ட் + டேப், ஆல்ட் + எஃப்4, கண்ட்ரோல் + சி, வி, எக்ஸ், இசட் எல்லாம் அப்படியே. பட்டையில் பின் செய்து வைத்த புரோகிராம்களை சூப்பர் + 1, சூப்பர் + 2 என்று வரிசை எண்ணால் திறக்கலாம், இதுவும் விண்டோஸ் வழக்கம்தான். ரன் பெட்டி மட்டும் சூப்பர் + ஆர் இல்லை, ஆல்ட் + எஃப்2.

முதல் அதிர்ச்சி சூப்பர் + எல். திரையைப் பூட்ட விண்டோஸில் அழுத்துவது இது. மின்ட்டில் அழுத்தினால் ஒரு கறுப்புப் பெட்டி இறங்கும். லுக்கிங் கிளாஸ் என்ற, புரோகிராமர்களுக்கான சோதனைக் கருவி அது. எஸ்கேப் தட்டினால் போய்விடும், எதுவும் கெடாது. ஆனால் திரை பூட்டப்படவில்லை. மின்ட்டில் பூட்டும் கீ கண்ட்ரோல் + ஆல்ட் + எல். வந்தவருக்கு அறை காட்ட எழுந்து போகும் லாட்ஜ் ஊழியரின் திரையில் யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் நகல் திறந்து கிடக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மாற்ற வேண்டிய முதல் ஷார்ட்கட் இதுதான்.

மெனுவில் கீபோர்டு என்று தேடித் திறந்து, ஷார்ட்கட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். இடப்புறம் வகைகள். சிஸ்டம் வகையில் லாக் ஸ்கிரீன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே அதற்கான கீ வரிசைகள் தெரியும். ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கீ வைக்க இடம் உண்டு. காலியாக இருக்கும் வரிசையை இரண்டு முறை கிளிக் செய்து சூப்பர் + எல் அழுத்துங்கள். இந்தக் கூட்டு ஏற்கனவே வேறு வேலைக்கு இருக்கிறது, மாற்றவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். பழைய கண்ட்ரோல் + ஆல்ட் + எல்லும் கூடவே இருக்கட்டும். தவறான கீயை வைத்துவிட்டால் அந்த வரிசையை மறுபடி இரண்டு முறை கிளிக் செய்து பேக்ஸ்பேஸ் தட்டினால் காலியாகிவிடும்.

இரண்டாவது, கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட். விண்டோஸ் பழக்கத்தில் ஏதாவது மாட்டிக்கொண்டால் உடனே விரல் அங்கே போகும். மின்ட்டில் அது லாக் அவுட் கேட்கும். அவசரத்தில் என்டர் தட்டிவிட்டால் சேமிக்காத வேலை போனது போனதுதான். கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள். டாஸ்க் மேனேஜருக்குச் சமமானது சிஸ்டம் மானிட்டர்; அதற்கு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் வைப்பதுதான் மாற்ற வேண்டிய இரண்டாவது. அதே ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் கஸ்டம் ஷார்ட்கட்ஸ் வகை, அதில் ஆட். பெயர் எதுவும் கொடுக்கலாம், கமாண்ட் சரியாக இருக்க வேண்டும். கமாண்ட் தெரியாவிட்டால் மெனு பட்டனை ரைட் கிளிக் செய்து கான்ஃபிகர், அதில் மெனு எடிட்டரைத் திறந்து, வேண்டிய புரோகிராமின் பிராபர்ட்டீஸைப் பார்த்தால் கமாண்ட் பெட்டியில் அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் இருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். மெனுவுக்கு மட்டும் பொருள்படும் குறி அது. ஸ்கேனர் புரோகிராமுக்கும் கால்குலேட்டருக்கும் இதே முறையில் கீ வைத்துக்கொள்வது ஜெராக்ஸ் கடைக்கு நல்ல உதவி.

முழு டெஸ்க்டாப்பும் உறைந்து மவுஸ் மட்டும் நகர்கிறதா? பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கும் முன் கண்ட்ரோல் + ஆல்ட் + எஸ்கேப் தட்டுங்கள். சின்னமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருந்த கோப்புகள் மூடாது. இந்த ஒரு கீயை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. மாறாக கண்ட்ரோல் + ஆல்ட் கூட எஃப்2, எஃப்3 என்று தவறிப் பட்டுவிட்டால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும் எழுத்து மட்டும் வரும். சிஸ்டம் போய்விட்டது என்று பலர் அணைத்துவிடுகிறார்கள். கண்ட்ரோல் + ஆல்ட் + எஃப்7 தட்டினால் விட்ட இடத்துக்கே திரும்பலாம்.

ஃபயர்ஃபாக்ஸில் இரண்டு வித்தியாசம் மட்டும். டேப் மாற விண்டோஸில் கண்ட்ரோலும் எண்ணும். லினக்ஸில் ஆல்ட்டும் எண்ணும். அதைவிட ஆபத்தானது கண்ட்ரோல் + க்யூ. ஒரு டேப்பை மூட கண்ட்ரோல் + டபிள்யூ அழுத்தப் போய் பக்கத்துக் கீ பட்டால், லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் முழுதும் மூடும் கீ அது. பாதி நிரப்பிய படிவம் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் டேப்ஸ் பகுதியில், கண்ட்ரோல் + க்யூவுக்கு உறுதி கேட்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

மவுஸின் நடுச் சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். லினக்ஸில் எழுத்தை செலக்ட் செய்தாலே அது தனியாக ஒரு நினைவில் போய்விடும். சக்கரத்தை அழுத்தினால் மவுஸ் குறி நிற்கும் இடத்தில் ஒட்டும். பழகியவருக்கு இது வரம். பழகாதவர் படிவத்தில் ஸ்க்ரோல் செய்யும்போது சக்கரத்தை அழுத்திவிட்டால், பெயர்க் கட்டத்தில் யாருடைய முகவரியோ போய் உட்கார்ந்திருக்கும். தகவல் பதியும் மேசையில் இருப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1366-க்கு 768 திரையில் இரண்டு விண்டோ

லாட்ஜ் கவுண்டரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு நோயாளியோ உடன் வந்தவரோ தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும்; கவுண்டரில் சி ஃபார்ம் என்றே சொல்வார்கள். ஒரு பக்கம் பாஸ்போர்ட், விசா ஸ்கேன். இன்னொரு பக்கம் படிவம். எண்ணைப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஆல்ட் + டேப் போட்டு மாறி மாறிப் பார்த்தால் ஓர் எழுத்தாவது தப்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் கண் முன் வைத்திருப்பதுதான் சரி.

ஸ்கேன் விண்டோவில் சூப்பர் + இடது அம்பு, படிவத்தில் சூப்பர் + வலது அம்பு. ஆளுக்குப் பாதி. மவுஸில் தலைப்பட்டையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் மோதினாலும் அதே. 1366 அகலத் திரையில் பாதி என்றால் 683 புள்ளி; பல இணையதளங்கள் அந்த அகலத்தில் சிதறும், அல்லது கீழே ஸ்க்ரோல் பட்டை வந்து பாதி கட்டங்கள் மறையும். கண்ட்ரோலும் மைனஸும் சேர்த்து இரண்டு தடவை தட்டி 80 சதவீதத்துக்குக் குறையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் அந்த அளவை அந்தத் தளத்துக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

சூப்பர் + மேல் அம்பில் மின்ட் வேறு மாதிரி. விண்டோஸில் அது முழுத்திரை. சின்னமனில் திரையின் மேல் பாதி. இடது அம்புக்குப் பிறகு உடனே மேல் அம்பு தட்டினால் இடது மேல் மூலையில் கால் பாகம். நான்கு ஆவணங்களை நான்கு மூலையில் வைக்க முடிவது இதனால்தான். இந்தக் கீயை விண்டோஸ் மாதிரி மாற்றிவிடச் சொல்லும் யோசனைகள் நிறைய உண்டு. மாற்றாதீர்கள்; மாற்றினால் கால் பாகம் வைக்கும் வசதியும் கூடவே போய்விடும். முழுத்திரைக்கு ஆல்ட் + எஃப்10 இருக்கிறது, மறுபடி தட்டினால் பழைய அளவு. தலைப்பட்டையை இரண்டு முறை கிளிக் செய்தாலும் அதே. லேப்டாப்பில் எஃப் கீகள் ஒலி, வெளிச்சம் என்று போய்க்கொண்டிருந்தால் லெனோவோவில் பொதுவாக எஃப்என் + எஸ்கேப் பூட்டு. ஹெச்பியில் பயாஸுக்குள் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்பதை அணைக்க வேண்டும்.

சின்னத் திரைக்கே உரிய இன்னொரு தொல்லை: செட்டிங்ஸ் பெட்டி திரையைவிட உயரமாக வந்து, ஓகே பட்டன் கீழே மறைந்துபோகும். தலைப்பட்டை மேலே முட்டி நிற்பதால் இழுக்கவும் முடியாது. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தைப் பிடித்து இழுத்தாலும் நகரும், திரைக்கு மேலேயும் போகும். ஆல்ட் + எஃப்7 தட்டி அம்புக் கீகளால் நகர்த்தி என்டர் கொடுப்பது இன்னொரு வழி. அளவு மாற்ற ஆல்ட் + எஃப்8. ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்ற பட மென்பொருள்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்த ஆல்ட் இடையூறு, அந்த மென்பொருள்களும் ஆல்ட் + இழுப்பைத் தங்கள் வேலைக்கு வைத்திருப்பதால். மின்ட் செட்டிங்ஸில் விண்டோஸ் என்ற பகுதியில் (திரை விண்டோக்களுக்கானது) பிஹேவியர் பக்கத்தில் அதை சூப்பர் என்று மாற்றிவிட்டால் இரு தரப்புக்கும் சரி.

ஜெராக்ஸ் கடைக்கு நீமோவின் எஃப்3 ஒன்றே போதும், இந்த சிஸ்டத்தை விரும்பிவிடுவார்கள். நீமோ என்பது மின்ட்டின் ஃபைல் மேனேஜர். எஃப்3 தட்டினால் ஒரே விண்டோ இரண்டாகப் பிரியும்: இடப்பக்கம் வாடிக்கையாளரின் பென் டிரைவ், வலப்பக்கம் கடையின் ஃபோல்டர். எஃப்6 தட்டினால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம். இரண்டு விண்டோ திறந்து ஒழுங்குபடுத்தும் வேலையே இல்லை. ஆனால் ஒன்று: காப்பி பட்டை முடிந்துவிட்டது என்று பென் டிரைவை உடனே பிடுங்கக் கூடாது. லினக்ஸ் பாதியை ராமில் வைத்துக்கொண்டு பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள இஜெக்ட் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்த பிறகே எடுங்கள். அண்ணே, ஃபைல் திறக்கவே இல்லையே என்று வாடிக்கையாளர் திரும்பி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

படம் பிடிக்க பிரின்ட் கீ. பிக்சர்ஸ் ஃபோல்டரில் சேமிக்கும். ஷிஃப்ட்டுடன் வேண்டிய பகுதி மட்டும், ஆல்ட்டுடன் அந்த விண்டோ மட்டும். கண்ட்ரோலையும் சேர்த்தால் கோப்பாகாமல் கிளிப்போர்டுக்குப் போகும், நேரே ஒட்டலாம்.

ஒர்க்ஸ்பேஸ் என்ற வசதியைப் பலர் தொடுவதே இல்லை, தொட்டவர்கள் விடுவதில்லை. கண்ட்ரோல் + ஆல்ட் + வலது அம்பு தட்டினால் காலியான இன்னொரு மேசை. ஒன்றில் பில்லிங், இன்னொன்றில் வாட்ஸ்அப் வெப்பும் மெயிலும். விண்டோவையும் கூடவே கொண்டுபோக ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு எல்லா மேசைகளையும் சின்னப் படங்களாகக் காட்டும், அங்கேயே புதிது சேர்க்கலாம், நீக்கலாம். கண்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு இந்த மேசையில் திறந்திருப்பவற்றை மட்டும் பரப்பிக் காட்டும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆல்ட் + டேப் இப்போது இருக்கும் மேசையின் விண்டோக்களை மட்டுமே காட்டும். தெரியாமல் மேசை மாறியவர் எல்லாம் மூடிவிட்டதாக நினைத்து அதே கோப்பை மறுபடி திறப்பார். செட்டிங்ஸில் விண்டோஸ் பகுதியில் ஆல்ட்-டேப் பக்கத்தில், எல்லா ஒர்க்ஸ்பேஸ் விண்டோக்களையும் காட்டு என்பதை ஆன் செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. அதே பக்கத்தில் ஐகானோடு சின்னப் படமும் காட்டும் பாணியைத் தேர்ந்தெடுங்கள். ரைட்டரில் (வேர்டு போன்ற மென்பொருள்) ஒரே மாதிரி நாலு ஆவணங்கள் திறந்திருக்கும்போது வெறும் ஐகான் உதவாது. ஒரே புரோகிராமின் விண்டோக்களுக்குள் மட்டும் தாவ, ஆல்ட்டுடன் டேப்புக்கு மேலே உள்ள கீ.

அடிப்பட்டையில் எல்லா ரைட்டர் விண்டோக்களும் ஒரே ஐகானுக்குள் ஒளிந்துகொள்வது பிடிக்கவில்லையா? பட்டையின் ஐகான் வரிசையை ரைட் கிளிக் செய்து ஆப்லெட் விருப்பங்களில், கான்ஃபிகர் திறந்து, புரோகிராம் வாரியாகச் சேர்ப்பதை அணைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பில்லிங் செய்பவர்களுக்கு இன்னொன்று: மெஷின் தொடங்கும்போது நம் லாக் அணைந்தே இருக்கும். லாகின் விண்டோ செட்டிங்ஸில் அதை ஆன் செய்யும் விருப்பம் உண்டு. மங்கலாகத் தெரிந்தால் சாஃப்ட்வேர் மேனேஜரில் நம்லாக்எக்ஸ் என்ற பொதியை நிறுவிய பிறகு தெளியும்.

தமிழ் டைப்பிங்

கீபோர்டு செட்டிங்ஸின் லேஅவுட்ஸ் பக்கத்திலேயே தமிழ் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள ‘தமிழ் 99’ தட்டச்சு முறை, ஒரு கீக்கு ஓர் எழுத்து என்ற அளவில் நிற்பது. அடுத்தடுத்து வரும் மெய்க்குத் தானே புள்ளி வைப்பது போன்ற தமிழ் 99-இன் விதிகள் அதில் இல்லை. வேகமாக அடிப்பவர் இரண்டாம் வரியிலேயே எரிச்சலாவார். சரியான வழி ஐபஸ் என்ற, பல மொழிகளில் டைப் செய்ய உதவும் மென்பொருள். மின்ட் 22, 22.1, 22.2-இல் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் பொதியை நிறுவி, மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்பி வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் ஆட் கொடுத்து தமிழ், அதற்குள் தமிழ் 99. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்களுக்கு டைப்ரைட்டர் லேஅவுட்டும் அதே பட்டியலில் உண்டு. ஒன்றிரண்டு குறிகள் இடம் மாறியிருக்கலாம், ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற சூப்பர் + ஸ்பேஸ்.

திடீரென்று கண்ட்ரோல் + சி வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டைத் தட்டிப் பார்க்கும் முன், வலது கீழ் மூலையில் எந்த மொழி ஓடுகிறது என்று பாருங்கள். லேஅவுட்ஸ் வழியில் தமிழை மட்டும் வைத்துவிட்டு ஆங்கிலத்தை நீக்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஆங்கிலம் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

யார் மாறக் கூடாது

டேலி வைத்துக் கணக்கெழுதும் கடைகள், பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் வைத்துப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் அடிக்கும் டிடிபி கடைகள் மாற வேண்டாம். அவை விண்டோஸ் மென்பொருள்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகள் மின்ட்டில் திறக்கும், எழுத்துருவை இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் படிக்கவும் முடியும். ஆனால் அந்த எழுத்துருவில் டைப் செய்ய உதவும் என்.எச்.எம். ரைட்டர் விண்டோஸுக்கானது. கைரேகைக் கருவி வைத்து ஆதார் சரிபார்க்கும் சேவை மையங்கள், கருவியின் மென்பொருள் லினக்ஸுக்கு உண்டா என்று விற்றவரிடம் உறுதி செய்யாமல் தொடவே கூடாது.

பிரிண்டரில் கேனன் எல்பிபி 2900 இருந்தால் நிதானியுங்கள். ஊரில் பாதி ஜெராக்ஸ் கடையில் அதுதான் நிற்கிறது. கேப்ட் என்ற தனி மொழியில் பேசும் பிரிண்டர், லினக்ஸில் தகராறு பிடித்தது. ஹெச்பி 1020 ஓடும், ஹெச்பியின் கூடுதல் பிளகின் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கும் வரை அடிக்காது. எப்சன் எல் வரிசை இங்க் டேங்குகளுக்கு எப்சனே லினக்ஸ் டிரைவர் தருகிறது.

இரண்டு சிஸ்டம் உள்ள இடத்தில் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். சி.எம்.சி. வெளிநோயாளிப் பிரிவு இல்லாத ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் கவுண்டருக்குத் தோதான நாள், கூட்டம் குறைவு. நிறுவி முடித்ததும், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அதன் பிறகு ஷார்ட்கட்களை மாற்றுங்கள். விண்டோஸும் கூடவே இருக்க வேண்டுமென்றால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு நிறுவுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை மின்ட் படிக்கும், எழுத விடாது.